பெட்டிக்குள் ஒரு கங்காணி

கோலா தெர்லாவை விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. முட்டைக்கோசுத் தோட்டத்து வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. படுக்கக் கொடுத்த ஷெட்டின் கூரை ஒழுகியது. ஒழுகும் இடத்தை விட்டுத் தள்ளிப் படுத்தால் அங்கேயும் ஒழுகியது. முதலாளி தவுக்கேயிடம் சொன்னேன். மழை நிற்கட்டும், பார்க்கலாம் என்றார். கேமரன் மலையில் மழை நிற்கக் காத்திருப்பதைவிட நடப்பது சுலபம். கம்போங் ராஜா போனால் அங்கிருந்து ஈப்போவுக்கும் ரோடு இருக்கிறது, கிளந்தானுக்கும் ரோடு இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதை ரோட்டைப் பார்த்த பிறகு முடிவு செய்வது என் வழக்கம்.

அந்த நடையில்தான் எனக்கு அந்த மனிதர் கிடைத்தார். இந்த நாட்டில் நான் வேலை செய்யாத ஊர் குறைவு. கிள்ளானில் கப்பல் கழுவியிருக்கிறேன், செம்பனை வெட்டியிருக்கிறேன், கோழி உரித்திருக்கிறேன். கோபக்கார துரைகளையும் சாமியாடிகளையும் ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது சுற்றியுள்ள மனுசர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டு, அதற்கு விசிலும் ஊதி, பாதி ஊரை நிற்கவும் வைத்த ஒருவரை மலேசியா முழுக்கத் தேடினாலும் வேறெங்கும் பார்க்க முடியாது. அவர் பேர் என்ன என்று யாருக்கும் தெரியாது. பெரட்டு அண்ணன் என்றால் லாரிகூடத் தானாக அவர் கடை வாசலில் போய் நிற்கும்.

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்துச் சொல். விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்தி, கங்காணி பேர் கூப்பிடுவார். கூப்பிட்ட பேருக்கு அன்றைக்கு வேலை. கூப்பிடாத பேர் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பிப் போகலாம். அண்ணன் மேலே ஒரு தோட்டத்தில் அப்படிப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஆபீசில் கைரேகை மெஷின் ஒன்றை வைத்து, இனிமேல் பெரட்டுக்குக் கங்காணி வேண்டாம் என்றார்கள். அந்த வாரமே மெஷின் படுத்துவிட்டது. தன் வேலையைப் பிடுங்கிய மெஷினை அண்ணனே உட்கார்ந்து எழுப்பிக் கொடுத்தார். "எழுப்பினப்பதான் பார்த்தேன், உள்ள இருக்கிறவனும் என் ஜாதிதான், கங்காணி ஜாதி" என்று சொல்லிக்கொண்டே மலையிறங்கி வந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டவர். வயது என் வயதுதான் இருக்கும், நாற்பத்தி சொச்சம். தற்பெருமை மட்டும் நூறு வயதுக்கு இருந்தது.

நான் கம்போங் ராஜா சேரும்போது மழை வலுத்துவிட்டது. கண்ணில் முதலில் பட்ட பாய் கடையில் நுழைந்து ரொட்டி சானாய் சொன்னேன். வாயில் வைக்கும் நேரம், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விசில் கிளம்பியது. கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் தே தாரிக் கிளாசை வாயில் வைத்தபடியே நின்றார். மாவு வீசிக்கொண்டிருந்தவர், காற்றில் பறந்த ரொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். யாராவது செத்துப் போய்ப் பிணம் போகிறதோ என்று நான் ரோட்டைப் பார்த்தேன். ஒன்றும் போகவில்லை.

"எந்திரிங்க தம்பி" என்றார் கடைக்காரப் பாய், கல்லாவில் நின்றபடி. "பெட்டி எந்திரிக்குது."

"எந்தப் பெட்டி?"

"எந்தப் பெட்டியா இருந்தா என்னாலா, மொத நில்லுங்க. உக்காந்திருந்தா அந்தக் கங்காணி வந்து நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டும்."

நின்றேன். விசில் இரண்டாம் முறை சின்னதாக ஒலித்தது. எல்லாரும் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து மென்றார்கள்.

இதைப் பார்த்த பிறகு ஈப்போ ரோட்டுக்குப் போக மனசு வருமா? பலகைச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனேன். வாசலில் ஒரு சங்கிலி. சங்கிலிக்கு உள்ளே காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ், கழுத்தில் விசில்.

"யாரு கையெழுத்து?" என்றார்.

"என்னது?"

"நீ யாரு, எவருன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு உனக்குக் கையெழுத்துப் போடணும். அப்பத்தான் சங்கிலிக்கு இந்தப் பக்கம்."

நான் பள்ளியில் படிவம் இரண்டோடு படிப்பை விட்டவன். கையெழுத்து என்றாலே எனக்கு நடை கூடிவிடும். திரும்பிப் போகப் பார்த்தேன். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து பாய் குரல் கொடுத்தார்: "நான்தான், கங்காணி, கையெழுத்து! சாப்பிட்ட தட்டை அவனே எடுத்துக் கழுவி வச்சிட்டுப் போறான். விடு உள்ள!"

சங்கிலி இறங்கியது.

உள்ளே ஒரு பெண் முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருசன், மழைக்கோட்டை உடம்பில் போடாமல் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போர்த்திக் கொண்டுவந்திருந்தான். அவள் கமலம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு, பூவேலை மெஷினில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அவன் செல்வம், காய்கறி லாரி டிரைவர். ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் தோட்டத்துக் கோயிலில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். மணப்பெண் ரவிக்கை கமலத்திடம் இருக்கிறது. அதை அவள் பையிலிருந்து எடுத்து எங்களுக்குக் காட்டினாள். வலது கையில் தங்க ஜரிகையில் ஒரு மயில் தோகை விரித்துக்கொண்டிருந்தது. இடது கை மொட்டையாக இருந்தது.

"மயிலு இந்தப் பெட்டிக்குள்ள இருக்குண்ணே" என்றாள். "மயிலு மட்டும் இல்ல. ஈப்போ ஃபேக்டரி வேலைய விட்டுட்டு வந்ததுல இருந்து நான் வரைஞ்ச அத்தனை டிசைனும் இதுலதான். கீழ டவுன்ல ஒரு கடையில காட்டினோம். டிஸ்க்கு காலி, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடலாம்னு சொல்லிட்டான். அழிச்சிட்டா நான் திரும்ப ஃபேக்டரிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்."

செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஏதோ ஒரு குற்றம் இருந்தது. என்ன குற்றம் என்று பிறகு தெரிந்தது.

நான் சற்று முன் கேட்ட விசில் இந்தப் பெட்டிக்கு ஊதியதுதான். திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி நின்றது. அண்ணன் அதைப் படித்துச் சிரித்தார். எரியும் வீட்டைப் பார்த்துச் சிரிப்பது போல எனக்குப் பட்டது.

"கிளப்பறதுக்கு டிஸ்க்கே இல்லைங்கிறான். இருக்குலா! சாப்பிட்டுட்டு உள்ள படுத்திருக்கு" என்றார். பிறகு எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். அந்தப் பாடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"சுவிட்சைத் தட்டினதும் விண்டோஸ் வந்துடுதுன்னு ஊரே நினைக்குது. கிடையாது. அதுக்கும் முன்னாடி ஒருத்தன் எந்திரிக்கிறான். டிஸ்க்குல இல்ல, போர்டுலயே குடியிருக்கிறவன். இருட்டுல எந்திரிச்சு, மெமரி வந்தியா, கீபோர்டு வந்தியா, டிஸ்க்கு வந்தியான்னு பேர் கூப்பிடறான். ஃபர்ம்வேர்னு பேரு. என் கணக்குல கங்காணி. இதுல ரெண்டு வகை. பழைய கங்காணிக்கு லெகசின்னு பேரு. டிஸ்க்குல மொத வரிசையில எவன் நிக்கிறானோ அவனைப் பார்த்து 'நட'ன்னுடுவான். நீ யாரு, என்னன்னு கேக்கமாட்டான். திருடன் முன்னாடி நின்னாலும் நடதான்."

"புதுக் கங்காணி?" என்று நான் கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அப்படிக் கேளு! புதுக் கங்காணி யூஇஎஃப்ஐ. அவனுக்கு டிஸ்க்குல தனியா ஒரு ரூம் கட்டி விட்டிருக்கணும். அந்த ரூம்ல இருக்கிற ஆளைத்தான் எழுப்புவான். அதுக்கும் மேல செக்யூர் பூட்டுன்னு ஒண்ணு. அதைப் போட்டுட்டா, எழுப்பின ஆளு சீட்டைக் காட்டணும். சீட்டுல கையெழுத்து இருக்கணும். அந்தக் கையெழுத்து கங்காணிக்கிட்ட ஏற்கெனவே இருக்கிற கையெழுத்தோட ஒத்துப் போகணும். போகலையா, துரையே வந்தாலும் வாசலோட சரி. ஏன் தெரியுமா? விண்டோஸ் எந்திரிச்ச பிறகு வர்ற திருடனைப் பிடிக்க நாய் இருக்கு. விண்டோஸ் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள பூந்து உக்காந்துக்கிற திருடனை எந்த நாயும் பிடிக்காது."

சங்கிலியும் கையெழுத்தும் எதற்கு என்று அப்போது புரிந்தது. அந்த மனிதர் தன் கடைக்கே செக்யூர் பூட் போட்டிருந்தார்.

"உங்க பெட்டியில ஆளுங்க எல்லாம் லயத்துலதான் இருக்காங்க தங்கச்சி. எப்படியோ கங்காணி மாறிட்டான். இதுல விண்டோஸ் போட்டவன் பழைய முறையில போட்டிருக்கான். இப்ப புதுசா வந்தவன் தன் ரூமைத் தேடறான். ரூமே இல்ல. யாரும் வேலைக்கு வரலைன்னு எழுதி வச்சிட்டுக் குந்திட்டான். அவ்வளவுதான் கதை. அழிக்காம எழுப்பித் தரலைன்னா இந்த விசிலை ஆத்துல வீசிடறேன்."

கீபோர்டில் ஒரு விசையைத் தட்டித் தட்டி ஒரு நீலத் திரைக்குள் போனார். ஏதோ ஒரு வரியைப் பழையபடி மாற்றினார். விசில் ஊதினார். பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம். நாங்களும் விறைப்பாக நின்றோம். கருப்புத் திரை, ஒரு புள்ளி, பிறகு வெளிச்சம். கமலம் மவுஸைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினாள். திரை நிறைய மயில்.

நான் பல கோயில்களில் திரை விலகுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத புல்லரிப்பு எனக்கு அந்தக் கடையில் வந்தது.

அண்ணன் உடனே, "ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிறேன், நல்லது" என்றார். கமலம் மவுஸின் மேல் கையைப் பொத்திக்கொண்டாள். "வேணாம்ணே. டிசைனு என் பெட்டியை விட்டு வெளிய போகக்கூடாது. போன வருசம் ஒரு தையக்காரி என் மாங்காயைத் திருடிட்டா." அண்ணன் தலையாட்டினார். கையெழுத்துக் கொடுக்காத இடத்தில் அவர் நுழையமாட்டார்.

பெட்டி போயிற்று. பாய், பாத்திரம் கழுவிக் கொடுத்தால் அரிசி மூட்டை அறையில் படுத்துக்கொள்ளலாம் என்றார். கூரை ஒழுகுமா என்று கேட்டேன். அரிசிக்கு மேலே ஒழுகவிட நான் என்ன பைத்தியமா என்றார். மழை நிற்கும்வரை இருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் பெட்டி திரும்பி வந்தது. வீட்டில் கொண்டுபோய் வைத்ததும் அதே வெள்ளை வரி. அண்ணன் முகம் சிறுத்தது. மறுபடி நீலத் திரை, மறுபடி மாற்றம், விசில், மயில். இந்த முறை விடவில்லை. நாள் பூராவும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறைக்கும் விசில். ஒவ்வொரு விசிலுக்கும் பாய் கடை எழுந்து நின்றது. சாயங்காலத்துக்குள் கிழவர்களுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ரொட்டி வீசுகிறவர், நின்றுகொண்டே செய்கிற வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தனக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டார். பெட்டி ஒரு தடவைகூடத் தவறவில்லை. தோட்டத்துப் பிள்ளை போல விசிலுக்கு எழுந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளை வரி.

ஊர் சும்மா இருக்குமா? கமலத்தின் கைவேலைக்குக் கண் பட்டுவிட்டது என்றார்கள். லயத்துக் கடைசி வீட்டில் அப்படித்தான் டிவி போயிற்று என்றார்கள். அண்ணன் மட்டும் கண்ணேறு எல்லாம் சும்மா என்று சொல்லிவிட்டுத் தன் பங்குக்கு ஒன்றை அடித்துவிட்டார்.

"வீட்டுக் கரண்டுதான் கோளாறு. இங்க டவுன் கரண்டு. அங்க தோட்டத்துக் கரண்டு. மலையேறி வர்றப்ப கரண்டுக்கு மூச்சு வாங்குது."

"கங்காணி" என்றார் பாய், "அதே கரண்டுலதான் அந்தப் பொண்ணு கிரைண்டர் ஆட்டி இட்லி சுடுது."

"இட்லிக்கு மூச்சு வாங்கினா தெரியாதுலா!"

வெள்ளிக்கிழமை பெட்டி மறுபடியும் கடையில். ஞாயிறு முகூர்த்தம். அண்ணன் கடைச் சங்கிலியைப் பூட்டிவிட்டு, நானே வருகிறேன் என்று செல்வத்தின் லாரியில் ஏறினார். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. லாரி நிற்கிற இடத்திலிருந்து லயத்துக்குப் படி. பெட்டியை நான் தோளில் வைத்துக்கொண்டு ஏற, அண்ணன் விசிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். பின்னால் வந்த செல்வம் பாதிப் படியில் நின்றுவிட்டான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கமலத்துக்கிட்டச் சொல்லிடாதீங்க."

"சொல்லு."

"ஆயுத பூசை அன்னிக்கு, பூசை முடிஞ்ச கையோட, பாய் கடையில கோழி சாப்பிட்டுட்டேண்ணே. புரட்டாசி மாசம். அதுக்கப்புறம்தான் பெட்டி எந்திரிக்கலை. சாமிக்குத்தம்."

அண்ணன் அவனை உற்றுப் பார்த்தார். "பொரிச்ச கோழியா, கொழம்பா?"

"பொரிச்சது."

"பொரிச்ச கோழிக்கும் ஃபர்ம்வேருக்கும் சம்பந்தம் கிடையாது. ஏறு."

வீட்டில் வைத்து, கரண்டைச் சோதித்தார். கரண்டு டவுனில் இருப்பதைவிட நன்றாக இருந்தது. அண்ணன் சட்டமாக உட்கார்ந்து நீலத் திரையைத் திறந்தார். பழைய வரி மறுபடியும் புதிதாக மாறியிருந்தது. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கீழே ஆறு ஓடுகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. மொட்டைக் கை ரவிக்கை தையல் மெஷின்மேல் கிடந்தது.

கமலம்தான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "அண்ணே, மூலையில தேதியப் பாருங்க. எனக்குக் கல்யாணமே ஆகாத வருசத்தைக் காட்டுது."

அண்ணன் மூலையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவர் மெதுவாகத் திரும்பி, இரண்டு கையையும் கூப்பி அவளைக் கும்பிட்டார்.

"இவ்வளவு நாளா கங்காணி மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தேன் தங்கச்சி. அவன் கையில இருக்கிற கடிகாரத்தைப் பார்க்கலை. இவனுக்கு ஞாபகம் நிக்கலை! சுவத்துல வயர் இருக்கிற வரைக்கும் கரண்டு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கு. என் கடையில நான் வயரைப் பிடுங்கவே இல்ல. நீங்க பிடுங்கித் தூக்கிட்டு வந்தீங்க. பிடுங்கினா, காசு மாதிரி ஒரு குட்டி பேட்டரி உள்ள இருந்து அவனைப் பார்த்துக்கணும். அது பார்க்கலை. தான் யாருங்கிறதையே மறந்துட்டு, ஃபேக்டரியில பொறந்தப்ப எப்படி இருந்தானோ அப்படி ஆயிடறான். பொறக்கறப்ப புதுக் கங்காணி. அதான் ரூமைத் தேடறான்!"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "செல்வம். பெட்டிய எவனாச்சும் தொறந்தானா?"

"யாரும் தொறக்கலைண்ணே." தலையைச் சொறிந்தான். "ஆயுத பூசைக்குத் தொடச்சேன்."

"எதைத் தொடச்சே?"

"எல்லாத்தையும்தான். ஸ்குரூ கழட்டி, கழட்ட முடிஞ்சதை எல்லாம் கழட்டித் தொடச்சு, திரும்ப மாட்டினேன்."

அண்ணன் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு கோயில் இருந்தது. காற்றாடிக்குச் சந்தனம். டிஸ்க்குக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். ஒவ்வொரு வயர் முனைக்கும் ஒரு பொட்டு. ஓரமாக, போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி. அதன் முகம் தெரியவில்லை. அம்மன் கோயில் உண்டியல் போலச் சந்தனம் அப்பி நெற்றிக்குக் குங்குமம் வைத்திருந்தது. அண்ணன் நகத்தால் நெம்பி எடுத்துத் திருப்பினார். பின்பக்கமும் அதே அலங்காரம், காய்ந்து ஓடு கட்டியிருந்தது.

"ரெண்டு பக்கமுமாடா?"

"சாமிக்குக் குறை வைக்கலாமாண்ணே?"

கமலம் புருசனைப் பார்த்த பார்வையில் கோழி விஷயமும் சேர்ந்தே வெளியே வந்துவிடும் போலிருந்தது. அண்ணன் குறுக்கே கை நீட்டினார். "திட்டாத தங்கச்சி. பேட்டரிக்குப் பொட்டு வச்சவன் இந்த மலையில இவன் ஒருத்தன்தான். உன் பெட்டிக்கு இவன் காட்டின மரியாதைய நான்கூடக் காட்டலை. நான் எந்திரிச்சு நின்னதோட சரி." கமலத்தின் டிசைன் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை வாங்கி, பேட்டரியின் இரண்டு முகத்தையும் அது உட்காரும் இடத்தையும் தேய்த்தார். துணியால் துடைத்தார். மாட்டினார். பழைய வரிக்கு மாற்றினார், தேதியைத் திருத்தினார், அணைத்தார். பிறகு சுவரிலிருந்து வயரைப் பிடுங்கித் தரையில் போட்டார்.

"தேத்தண்ணி போடு" என்றார்.

போட்டாள். குடித்தோம். அந்தத் தேநீரில் சர்க்கரை இருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. எல்லாரும் தரையில் கிடந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிளாஸ் காலியானதும் அண்ணன் வயரைச் சொருகினார். விசிலை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

தோட்டத்தில் அந்த விசில் வேறு மாதிரி ஒலித்தது. பாய் கடையில் அது வேடிக்கை. இங்கே அது சரிவில் இறங்கி, எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள், தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கள், கொழுந்துக் கூடையோடு வந்துகொண்டிருந்தவர்கள், ஒரு காலத்தில் அவர் இதே தோட்டத்தில் பேர் கூப்பிட்டபோது பதில் குரல் கொடுத்தவர்கள், என்னவென்று தெரியாமலேயே வாசலில் வரிசையாக நின்றார்கள். பனிக்குள் கடைசி வீடு வரைக்கும் தலைகள். நானும் நின்றேன். பெட்டியை யாரோ தட்டினார்கள். கமலம்தான் என்று நினைக்கிறேன். நான் திரையைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயில் வந்தது. கொஞ்ச நேரத்தில் பூவேலை மெஷின் தடதடவென்று கிளம்பியது. இடது கைத் துணியில் முதலில் ஒரு கால், பிறகு கழுத்து, வலது கை மயிலைப் பார்த்த மாதிரி முகம்.

சந்தோஷத்தில் செல்வத்துக்கு அறிவு வந்துவிட்டது. "அண்ணே, அப்படியே புதுக் கங்காணியையும் அந்தச் செக்யூர் பூட்டையும் போட்டுக் குடுத்துடுங்களேன். அதுதானே பத்திரம்?"

"பத்திரம்தான். ஒண்ணையும் அழிக்காம அவனுக்கு ரூமும் கட்டித் தரலாம். ஆனா தையல் மெஷின்கூடப் பேசற டிரைவர் ஒண்ணு உள்ள இருக்கு பாரு, அது ரொம்பப் பழசு. கையெழுத்துப் போட்ட சீட்டு கிடையாது. செக்யூர் பூட்டைப் போட்டா அதை வாசல்லயே நிறுத்தினாலும் நிறுத்திடும். நாளன்னிக்குக் கல்யாணம். மெஷின்காரன்கிட்டப் புது டிரைவர் கேட்டு வாங்கு, அப்புறம் பார்ப்போம். அதுவரைக்கும் இன்டர்நெட்டைப் பிடுங்கிப் போடு. கண்ட பென்டிரைவையும் சொருகாத."

கிளம்பும்போது கமலம் ஒரு பென்டிரைவை மஞ்சள் துணியில் முடிந்து அண்ணன் கையில் வைத்தாள். "எல்லா டிசைனும் இதுல இருக்குண்ணே. மாங்காயும் இருக்கு. உங்ககிட்ட இருக்கட்டும்." அண்ணன் அதை விசிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். இறங்கி முடித்ததும், சாக்ஸை இழுத்து விட்டுக்கொள்வது போலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லாரியில் திரும்பும்போது செல்வம், தன் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்க ஆள் தேவை, காலையில் லாரி முதலாளி தவுக்கேயை வந்து பார் என்றான். மழை நின்றிருந்தது. எந்த ரோடு என்று முடிவு செய்ய வேண்டிய நேரமும் வந்திருந்தது.

காலையில் காய்கறி ஷெட்டுக்குப் போனேன். முட்டைக்கோசு மூட்டைகளுக்கு நடுவே நின்று தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்த ஊர் என்றார். நான் சொன்ன ஊர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அவருக்குப் பிடிக்கவில்லை.

"இத்தனை இடத்துல நிக்காதவன் இங்க நிப்பியா? உன்னை யாருக்குத் தெரியும் இங்க?"

எனக்குப் பதில் தெரியும். யாருக்கும் தெரியாது. எல்லா ஊரிலும் அதுதான் பதில். சொல்ல வாயெடுக்கும்போது, ஷெட் வாசலில் முழங்கால் சாக்ஸ் இரண்டு தெரிந்தன.

"என் கையெழுத்து" என்றார் பெரட்டு அண்ணன்.

தவுக்கே அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டைமேல் ஏறிக்கொள்ளச் சொன்னார். செல்வம் லாரியைக் கிளப்ப, பின்னால் விசில் கேட்டது. ஓடுகிற லாரியில், கோசு மூட்டைகளின் மேல், நான் எழுந்து நின்றேன்.